நாலெழுத்து படித்தவர்

நாலெழுத்து படித்தவர் என்று தென்னேரிப் பக்கம் சொன்னால், தாலுகா ஆபீசுக்கு மனு எழுதித் தரத் தெரிந்தவர் என்று பொருள். இப்போது அந்தச் சொல்லை விரல்விட்டு எண்ணி, சரியாக நாலே ஆங்கில எழுத்துக்குப் பொருத்திக்கொண்ட ஒரு ரகம் முளைத்திருக்கிறது. ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் சுபாவச் சோதனைத் தாளை நிரப்பிக் கொடுத்து 'ஐஎன்எஃப்ஜே' என்று வாங்கி வந்த நாள் முதல், அவருக்கு ராசி, நட்சத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் அதுதான். வாட்ஸப்பில் பெயருக்குக் கீழே அதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரை மேல் உட்கார்ந்திருப்பார். காற்று வாங்க அல்ல. சிக்னல் அங்கேதான் நன்றாக எடுக்கும், 'கோச்' வீடியோவில் வருவார். குழம்பில் உப்பு மறந்தால் "நீ பர்சீவிங் டைப்மா" என்று அம்மாவுக்கு விளக்கம் சொல்வார். மதகில் அடைப்பெடுக்கப் பெரியப்பா சத்தம் போட்டுக் கூப்பிட்டால், "நான் இன்ட்ரோவர்ட் பெரியப்பா, கும்பல்ல இருந்தா எனர்ஜி போயிடும்" என்பார். "அப்ப மம்முட்டி எடுத்துக்கினு கடைசிக் கால்வாய்க்குப் போடா. அங்க ஈ காக்கா இருக்காது" என்பது பெரியப்பாவின் கோச்சிங். கட்டணம் கிடையாது.

இவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று ஒருவர் கேட்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. விடை வந்த வழியில்தான் கோளாறு. 1921-இல் கார்ல் யுங் மனித சுபாவத்தை வகைபிரித்துப் புத்தகம் போட்டார். அதில் மனம் பறிகொடுத்த காதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் அதைப் பின்னாளில் கேள்வித்தாளாக்கி, உலகத்தையே நாலெழுத்துப் பெயரிட்ட 16 வகைக்குள் அடைத்தார்கள். இருவரும் உளவியலில் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன், நம் ஊர் நாட்டு வைத்தியருக்கும்தான் பட்டம் இல்லை. குற்றம் கோடு போட்ட இடத்தில். ஏரியின் அளவுகோலில் நட்டநடுவே ஒரு கோடு கிழித்து, தண்ணீர் அதற்கு ஒரு விரற்கடை மேலே நின்றால் 'நிறைந்த ஏரி', ஒரு விரற்கடை கீழே நின்றால் 'வறண்ட ஏரி' என்று பதிவேட்டில் எழுதினால் ஊரே சிரிக்கும். மனிதர்களில் பெரும்பாலோர் அந்த நடுக்கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்கள். அதனால்தான் சில வாரம் கழித்து அதே தாளை எழுதினால் பாதிப் பேர் வரை வேறு வகைக்குத் தாவிவிடுவதாக ஆய்வுகள் காட்டின. ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சோதனையை விற்கிறவர்களே சொல்கிறார்கள்.

சோதிடர் நம்மைக் கேட்காமல் சொல்கிறார், இந்தச் சோதனை நம்மைக் கேட்டுத்தானே சொல்கிறது என்பார்கள். வாஸ்தவம். நம் வீட்டு நெல்லையே நமக்குத் திருப்பி அளந்து, அளந்த கூலியும் வாங்கிக்கொள்கிற வியாபாரம் அது. அப்படியானால் ஏன் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது? 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்களுக்குச் சோதனை வைத்து, ஆளாளுக்குத் தனித்தனி என்று சொல்லி ஒரே பலனைக் கொடுத்தார். கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள் அவை. பொருத்தத்துக்கு மாணவர்கள் போட்ட மார்க் சராசரியாக 5-க்கு 4.26. நம் கிளி ஜோசியர் அமெரிக்கா போகாதது அந்த நாட்டுக்கு நஷ்டம்.

ஊமைக்கோட்டான் என்று வசவு வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு 'இன்ட்ரோவர்ட்' என்ற கௌரவமான சொல் கிடைத்தது சின்ன விஷயமா என்று கேட்டால், இல்லைதான். அந்த ஒரு சொல்லைப் பரப்பியதற்காகவே பிரிக்ஸ் அம்மாளுக்குக் கும்பிடு போடலாம். ஆறுதலாக வந்த சொல் லீவ் லெட்டராக மாறுகிற இடத்தில்தான் என் சண்டை. கோச்சிங்கால் நிஜமாகவே மாறியவர்கள் உண்டே என்றால், அதையும் மறுக்கவில்லை. அங்கே கிடைப்பது டிவி ஓடாத ஒரு மணி நேரம், குறுக்கே பேசாத ஒரு காது. அது கிடைத்தால் எவனும் கொஞ்சம் தேறுவான். காதுக்குச் சேர வேண்டிய பெயரை நாலெழுத்து தட்டிக்கொண்டு போகிறது. சுபாவம் என்று ஒன்று இல்லாமலும் இல்லை. இன்றைய உளவியலார் அதை ஐந்து பண்புகளாக, கூடக்குறைய என்று அளவு சொல்கிறார்களே தவிர, பெட்டியில் போட்டுப் பூட்டுவதில்லை. இடம் மாறினால் நடத்தை மாறும் என்று 1968-இல் வால்டர் மிஷல் ஒரு புத்தகமே எழுதினார். ஏரிப் பாசனக்காரருக்கு அதைப் படிக்க அவசியமில்லை. மதகுக்குப் பக்கத்து வயல்காரர் பரம சாது. அதே மனிதர் கடைமடையில் குத்தகைக்கு நிலம் எடுத்த வருஷம் வரப்பில் நின்று போடும் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். தண்ணீர் வந்து சேர்ந்த ராத்திரி மறுபடி சாது. இவருக்கு எந்த நாலெழுத்தைக் கொடுப்பது?

தென்னேரிக்குத் தெற்கே உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 921-ஆம் ஆண்டது. ஏரி வாரியத்துக்கு ஆள் பொறுக்குகிற விதி அதில் உண்டு. சொந்த நிலம், சொந்த மனை, 35 வயதுக்குமேல் 70-க்குள், வேதப் படிப்பு என்று கேட்டுவிட்டு, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அது பிராமணர் ஊர். பெண்ணுக்கும் நிலமில்லாதவனுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. ஆகவே பொற்காலப் பாட்டு பாட நான் வரவில்லை. ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவனை, நீ கலகலப்பானவனா, ஒதுங்கியவனா என்று அவர்கள் கேட்கவில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனா என்று கேட்டார்கள். அப்படிப்பட்டவன் ஓலை குடத்துக்குள் போகாது. அவனோடு அப்பன், பிள்ளை, மாமனார், மைத்துனன், சித்தி பெரியம்மா மக்கள், அப்பனோடு பிறந்தவன் என்று ஒரு கல்யாணப் பந்திக்கு ஆகும் உறவுக்காரர்களின் ஓலையும் போகாது. அந்த விதி இன்றும் நடப்பில் இருந்து, நம் நாலெழுத்துக்காரர் வாரியத்தில் உட்கார்ந்து கணக்கை விட்டால், பறிபோவது பெரியப்பாவின் ஓலையும்தான். பெரியப்பா மதகடியில் நின்று அவ்வளவு சத்தம் போடுவது அதை நினைத்துத்தானோ என்னவோ.