நின்றால் கொதிக்கும், ஓடினால் குளிரும்

நகர்ந்துகொண்டிருக்கும்போது சாந்தமாக இருந்து, நிற்க வைத்தால் மட்டும் கொதித்தெழும் இயல்பு, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் மனிதர்களிடமும் சிக்னலில் நிற்கும் பழைய கார்களிடமும் ஒருங்கே காணப்படுகிறது. மனிதர்களின் கொதிப்புக்குக் காரணம் பலவாக இருக்கலாம்; காரின் கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரை ஒட்டியே இருக்கும் என்றாலும், அங்கே பார்ப்பதற்கு முன் மற்ற இடங்களில் இருப்பதையெல்லாம் கழற்றிப் பார்த்துவிடுவது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட மரபு.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரம் வரை போய்ச் சேர்ந்தாலே பெரிது. மற்றொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விட, மிச்ச வெப்பத்தின் பெரும்பகுதியைக் கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. மெல்லிய குழாய்களும் அவற்றினிடையே மடிப்பு மடிப்பாகச் செருகிய தகடுகளும் கொண்ட இந்த அடுக்கின் வழியே காற்று புகுந்து வெளியேறினால்தான் நீர் ஆறும். இத்தகைய ஏற்பாடு இல்லாத 1888-இல், பெர்த்தா பென்ஸ் அம்மையார் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்ற வண்டியில் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்ததால், வழிநெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் பாட்டிலோடு நிற்பவர் எவரும் அந்த அம்மையாரின் நேர் வாரிசே ஆவார்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுகிறது. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங் நிலையில் அந்தக் காற்று நின்றுபோவதால், பின்னாலுள்ள விசிறி ஒன்றே கதி. அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் விசிறியை எஞ்சினே பெல்ட்டால் சுழற்றியது. பின்னால் வந்த சிறு கார்களில் அதற்குத் தனி மின்மோட்டார் உண்டு. நீரின் வெப்பம் ஏறத்தாழ 95 டிகிரியைத் தொட்டதும் ஒரு வெப்ப ஸ்விட்ச் அதை முடுக்கிவிடும். ஆகவே மலைப்பாதையிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறும் வண்டியில் அடைபட்ட ரேடியேட்டரையும், நின்றால் மட்டும் சூடேறும் வண்டியில் விசிறியையும் முதலில் சந்தேகிப்பதே முறை. எப்போது சூடேறுகிறது என்பதே பாதி வாக்குமூலம். அதை யாரும் பதிவு செய்வதில்லை என்பதுதான் வழக்கின் குறை.

இக்கட்டுரையாசிரியரின் வீட்டு வாசலில் நின்ற, பதினைந்து வயது கடந்த சிறு கார் ஒன்று இதற்குத் தக்க சான்று. ஒரு மே மாதத்து அக்னி நட்சத்திரத்தில், தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு சிக்னலிலும் அதன் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கியது. முதல் மெக்கானிக் கூலண்டை மாற்றினார். இரண்டாமவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்தார். எஞ்சின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறித்து நின்று, 80 டிகிரியைத் தாண்டியதும் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிவதால் வழிவிடும் காவலாளி அது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்ற அவரது கேள்வியில் இயற்பியல் இல்லாவிட்டாலும் தன்னம்பிக்கை இருந்தது. காவலாளி போனபின் எஞ்சின் காலையில் சூடாக நேரம் எடுத்துக்கொண்டு கூடுதலாகப் பெட்ரோல் குடித்ததே தவிர, சிக்னலில் முள் தன் பழக்கத்தை விடவில்லை. மூன்றாமவர் ஹெட் கேஸ்கெட் என்ற சொல்லை மெல்ல உச்சரித்தார். எஞ்சினின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வைக்கும் அத்தகட்டின் விலை குறைவு, அதற்காக எஞ்சினைப் பிரிக்கும் கூலியோ ஒரு சிறு சுபகாரியத்துக்குப் போதுமானது.

இதற்கிடையே உறவினர் ஒருவர், சிக்னலில் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுமாறு யோசனை சொன்னார். ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் வெப்பத்தை அது காருக்குள் கொட்டுவதால் யோசனை முற்றிலும் சரியானது. எஞ்சின் ஆறியது, குடும்பம் வெந்தது. "எஞ்சினுக்கே தாங்காததை நாம தாங்கணுமாக்கும்?" என்று பின்னிருக்கையிலிருந்து எழுந்த வினாவுக்குத் தொழில்நுட்ப நூல்களில் விடை இல்லை.

நான்காம் மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, டீ வரவழைத்து, பழைய டயர் ஒன்றின் மீது அமர்ந்து கால்மணி நேரம் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஏறியது, விசிறி அசையவில்லை, அதன் ஓர் இதழில் சிலந்தி கட்டிய நூல் அறுபடாமல் ஆடியது. அவர் ஏ.சி.யைப் போடச் சொன்னார். விசிறி உடனே சுழன்றது, நூல் போயிற்று. ஏ.சி. ஓடும்போது விசிறிக்கு ஆணை வேறு ரிலே வழியாக, வெப்ப ஸ்விட்ச்சைக் கேளாமலே வந்துவிடும் என்பதால், மோட்டார் குற்றமற்றது என்று தெளிவாயிற்று. பிறகு ஏ.சி.யை நிறுத்தி, ரேடியேட்டரின் அடியிலிருந்த ஸ்விட்ச்சின் இரட்டைக் கம்பிப் பிளக்கை உருவி, அதன் இரு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்ததும் விசிறி மறுபடி சீறிக் கிளம்பியது. ஆக, ஆணையிட வேண்டிய ஸ்விட்ச்தான் உறங்கிவிட்டது. அதன் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் புலப்பட்டது. முள் ஏறத் தொடங்கியதும் எஞ்சினுக்குப் பாரம் குறையட்டும் என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஏ.சி.யை அணைத்து வந்தவர் வண்டியின் உரிமையாளரே. அந்த விசிறியைச் சுழற்ற எஞ்சியிருந்த ஒரே வழியை அவர் மாதம் முழுவதும் பொறுப்புணர்வோடு அடைத்து வந்திருக்கிறார். இச்செய்தி வீட்டாருக்கு இன்றுவரை முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை.

ஸ்விட்ச் மாற்றப்பட்டது, புதிய தெர்மோஸ்டாட்டும் பொருத்தப்பட்டது. பழைய தெர்மோஸ்டாட், நல்ல பித்தளைக் கனம் உடையதாதலால், வீட்டுக் கூடத்தில் செவ்வனே சுழலும் மின்விசிறிக்கு அடியில் நாளிதழ் பறக்காமல் காத்து வருகிறது.