பெப்டைடும் பாமாயிலும்

ஹைதராபாத் ஜூபிலி ஹில்ஸ் கடையொன்றில் 30 மில்லி குப்பியை நீட்டிய பெண், அரைத் தெலுங்கும் அரை இந்தியுமாக, "பெப்டைடு சார், அழற்சியை உள்ளேயே அடக்கிடும், பத்து வயசு குறையும்" என்றாள். குறைத்துக்கொள்ள என்னிடம் வயது தாராளமாக இருக்கிறது. குப்பியின் முதுகைப் படித்தேன்.

பொடி எழுத்து. முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின். வாசனைப் பொருளுக்கும் பின்னால், கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குத் தள்ளப்பட்ட தூரத்துச் சொந்தம் போல, பால்மிடோயில் டெட்ராபெப்டைடு-7.

நாலே நாலு அமினோ அமிலம். இன்டர்லூகின்-6 என்ற அழற்சித் தூதுவனை அடக்குமாம். ஆய்வுக்கூடத் தட்டில் சரி. தோல் அப்படி இளிச்சவாய் இல்லை. மூலக்கூறு எடையில் 500 டால்டனைத் தாண்டியவரை லேசில் உள்ளே விடாது. இவரோ வாலோடு சேர்த்து ஏறத்தாழ 695. வால் என்றது பால்மிடிக் அமிலத்தை; தோலின் கொழுப்பில் வழுக்கிக்கொண்டு போகட்டுமென்று கட்டி அனுப்புகிறார்கள். பாமாயிலில் மண்டிக் கிடக்கும் அதே அமிலம். மிர்ச்சி பஜ்ஜி வழியாக நான் வருடக்கணக்காக உள்ளே செலுத்தி வருகிறேன். முகச் சுருக்கம் அப்படியே இருக்கிறது, சட்டைப் பொத்தான்தான் இறுகியிருக்கிறது.

நம் 1940-ஆம் வருடச் சட்டப்படி அழகுசாதனம் தோற்றத்தை மாற்றலாம். நோயைத் தீர்க்கிறேன் என்றால் அது மருந்து. அதனால்தான் விளம்பரம் 'இளமையாகத் தோன்ற உதவும்' என்று பம்முகிறது.

குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மே மாத வெயிலில் இறங்கி, எதிர்க் கடையில் குடை வாங்கினேன். தோலைக் கிழடாக்குவதில் வெயிலுக்கு நிகரில்லை. ஹைதராபாத் வருகிறவர்கள் குடை கொண்டு வரவும்.