நாலு லட்சமும் தொண்ணூறு லட்சமும்

1974-ல் எனக்குப் பத்து வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். ஆணியை மிதித்துக் கால் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர் ஐந்து ஊசி எழுதினார். ஒவ்வொன்றும் 'நாலு லட்சம்'. பெனிசிலினை அன்று யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, யூனிட் கணக்குதான். கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சை ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார். தண்ணீர் ஆம்பியூலின் கழுத்தைச் சின்ன அரத்தால் கீறி, டக்கென்று ஒடிப்பார். வெள்ளைப் பொடியில் விட்டுக் குலுக்கி, முன்கையில் ஒரு சொட்டு டெஸ்ட் டோஸ். தடிக்கிறதா என்று காத்திருக்கும் நேரமெல்லாம் ஓர் ஈ அவர் மேஜைக்கும் என் காலுக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது ஊசியில் காய்ச்சல் விட்டது. மிச்சம் மூன்றை அப்பா ரத்து செய்தார். "அதான் விட்டுடுச்சே, எதுக்கு வீண் செலவு?" கம்பவுண்டருக்கு வருத்தம், வரும்படி போயிற்றே. குறைந்த டோஸ் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945 நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். எங்கள் ஊர் வரைக்கும் அந்த உரை வந்து சேரவில்லை.

2017, சென்னை. அதே அப்பாவுக்குச் சர்க்கரை, மேலே ஒரு பக்கவாதம், ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர். செருப்பைக் கழற்றி, கவுன் மாட்டி, தொப்பி போட்டு, கையில் ஜெல் தடவித்தான் உள்ளே போக வேண்டும். மடி ஆசாரம் தோற்றது. ஒரு ஈ கிடையாது. ஜெல் தடவிய கை முதலில் தொடுவது மட்டும் செல்போனை. நானும்தான்.

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. கல்ச்சர் ரிப்போர்ட் வர மேலும் மூன்று நாள். க்ளெப்சியெல்லா என்ற கிருமி. மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்க, எதிரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. கேட்காது என்று அர்த்தமாம். பெரிய கை என்று பெயரெடுத்த கார்பபீனங்களுக்கும் 'ஆர்'. கணக்கில் நான் வாங்கிய சிவப்புக் கோடுகள்கூட இத்தனை இருக்காது. கடைசியில் ஒரே ஒரு 'எஸ்': கொலிஸ்டின்.

"புது மருந்தா டாக்டர்?"

"உங்களைவிட மூத்தது சார். கிட்னியைக் கெடுக்குதுன்னு எழுபதுகள்ல ஓரங்கட்டினது. இப்ப வேற வழியில்லை."

சொத்துத் தகராறில் விரட்டிய பெரியப்பாவைக் கல்யாணத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டு அழைப்பதைப்போல. "முதல் டோஸ் தொண்ணூறு லட்சம்," என்றார். அவர் 'யூனிட்' என்று முடிப்பதற்குள் மனசுக்குள் வீட்டை விற்றுவிட்டிருந்தேன்.

இந்தக் கிருமிகளுக்குப் பலம் தரும் என்சைம் ஒன்றுக்குப் புது டெல்லியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். சென்னை, ஹரியானா மாதிரிகளோடு 2010-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் கட்டுரை வந்ததும் பெயருக்குத்தான் இங்கே பெரிய சண்டை. என்சைம் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

அப்பா பிழைத்தார். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மட்டும் ஏறிய அளவுக்கு இறங்கவில்லை.

அந்த வாரம் ஏ.சி. ஹாலில் படுத்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எதிர் மெடிக்கலில் அஜித்ரோமைசின் கேட்டேன். பையன் சீட்டு கேட்கவில்லை. மூன்று மாத்திரை அட்டை. அதில் சிவப்புக் கோடு. சீட்டில்லாமல் சாப்பிடாதீர்கள் என்று 2016-ல் அரசு விளம்பரம் செய்த அதே கோடு.

"ரெண்டு போதும்ப்பா."

"மூணு நாள் சாப்பிடணும் சார்."

"தொண்டைதானே."

கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டோடு சேர்த்து வெட்டினான். மிச்சம் ஒன்றை, அடுத்து வருகிறவருக்கு ஆகும் என்று, டப்பாவில் போட்டுக்கொண்டான்.