வினாக் கடித சாஸ்திரம்

செடிகொடிகளும் விலங்குகளும் தத்தம் சுற்றுப்புறத்தோடும் ஒன்றோடொன்றும் கொண்டுள்ள உறவை ஆராயும் சூழலியல் என்னும் சாஸ்திரத்துக்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1866-இல் நாமகரணம் செய்து வைத்தார் என்பதும், அதனையே ஜீவனோபாயமாகக் கொண்டோர் பிரிட்டனில் 1913-இலும் அமெரிக்காவில் 1915-இலும் தமக்கெனச் சங்கம் கண்டனர் என்பதும் பாடநூல்களில் காணக் கிடைப்பனவே. ஆயினும், புல் முதல் புலி ஈறாக ஒன்றையும் விட்டுவைக்காமல் அளந்தும் எண்ணியும் நிறுத்தும் பார்த்துவிட்ட அப்பெருமக்கள், தம்முடைய மேசையின் மீதே பிறந்து, பெருகி, பெரும்பாலும் கேட்பாரற்று மாண்டுபோகும் ஒரு ஜீவராசியை மட்டும் இன்றளவும் ஆராயாமல் விட்டிருப்பது பெருவியப்பு. ஒரு சூழலியலாளர் தம் விஷயம் ஒன்றில் ஐயுற்று, அதைத் தெளிந்தோர் எங்கேனும் இருப்பர் என்ற நம்பிக்கையோடு பிற சூழலியலாளர்க்கு எழுதும் வினாக் கடிதமே அந்த ஜீவராசி. அக்குறையைத் தீர்க்க வேண்டித் துணிந்ததே இவ்வாராய்ச்சி.

இவ்வினம் சாஸ்திரத்தினும் மூத்தது. இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் கிராமத்து மதகுருவாகிய கில்பர்ட் வைட், அவ்வூர்ப் பறவைகளையும் எலிகளையும் தம் தோட்டத்து ஆமையையும் குறித்து 1789-இல் வெளியிட்ட நூல், தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இரு நண்பர்க்கு எழுதிய கடிதங்களாகவே அமைந்தது. அவற்றுள் சில அஞ்சலில் சேர்க்கப்படாதவை, நூலுக்கென்றே எழுதப்பட்டவை என்று பிற்காலத்தார் கண்டறிந்துள்ளனர். விடை வரவில்லையே என்று வருந்த இடமில்லாத ஒரே கடித வகை இதுவாதலின், இதனை நாம் முதற்கண் போற்றுதல் தகும். பின்னர் 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் வந்தது. அதுகாறும் கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் கூலி கொடுத்துவந்தமையால், பிறரைக் கேள்வி கேட்பதற்கு ஓரளவு கூச்சம் இருந்தது; கூலி அனுப்புவோரைச் சார்ந்ததும் அக்கூச்சம் அகன்றது. இதன் முழுப்பயனையும் அடைந்தவர் சார்லஸ் டார்வின். அவர் எழுதியனவும் பெற்றனவுமாக ஏறத்தாழ 15,000 கடிதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. புறா வளர்ப்போர், தோட்டக்காரர், மிஷனரிமார் என்று எவரையும் அவர் கேளாமல் விட்டதில்லை. இக்காலத்து மின்னஞ்சலில் கூலியென்பதே இல்லாமையால் கேள்வி எந்த அளவுக்குப் பெருகியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி வகைப்பாடு. வினா ஆறு வகைப்படும், விடை எட்டு வகைப்படும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துச் சென்றார். அவர் காலத்தில் வண்டு பிடிக்கும் பொறியும் இல்லை, ஆராய்ச்சி மானியமும் இல்லை. எனினும் அம்முனிவர் சூழலியலாளரை மனத்திற் கொண்டே அந்தச் சூத்திரங்களை யாத்தாரோ என்று ஐயுறத்தக்க அளவுக்கு அவை இங்கே பொருந்துகின்றன.

அறிவினாவாவது, விடையைத் தாமே அறிந்தவர் கேட்பது. இன்ன வகைக் காட்டில் இன்ன வகைச் சிலந்தியை எவரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா என்று பணிவோடு வினவும் பேராசிரியர், அதே பொருள்பற்றித் தம்முடைய கட்டுரை சென்ற திங்கள் வெளிவந்ததைக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் தற்செயலாகக் குறிப்பிடுவார். அறியா வினா, களப்பணிக்குப் புறப்படும் முதல்நாள் இரவில் ஆராய்ச்சி மாணவர் எழுதுவது. இதில் வணக்கம் இராது, பிழை இருக்கும், ஆனால் பொய் இராது. ஐய வினா எப்போதும் ஒரு புகைப்படத்தோடு வரும். படத்தில் காய்ந்த இலைகள் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. அதன் பருமனைக் காட்டுவதற்காக அருகே ஒரு பேனா மூடி. அந்த மூடியின் பருமனோ எவர்க்கும் தெரியாது. இது ஆந்தை கக்கிய உருண்டையா அல்லது நரியின் எச்சமா என்பது வினா. கொளல் வினா, காசு கொடுத்தாலன்றித் திறவாத சஞ்சிகையொன்றின் கட்டுரையை யாரிடமாவது பெறவேண்டி எழுவது. கொடை வினாவை ஓய்வு பெறும் பேராசிரியர் விடுப்பர்: நாற்பதாண்டுச் சஞ்சிகைகள் அடுக்கடுக்காக உள்ளன, வேண்டுவோர் உளரோ, ஏற்றிச் செல்லும் செலவு மட்டும் ஏற்போரைச் சார்ந்தது. இந்தக் கொடையை ஏற்க முன்வந்தோர் மிகச் சிலரே. அவருள்ளும் மனைவியரைக் கலந்து முன்வந்தோர் அதனினும் சிலர்.

ஏவல் வினாவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தொலைதூரத் தீவொன்றிலோ மலையிலோ மூன்று திங்கள் விடியற்காலையில் எழுந்து கூடுகளை எண்ணவும், சுமை தூக்கவும், சொந்தச் செலவில் வந்து சேரவும் வல்ல உதவியாளர் உண்டா, ஊதியம் இல்லை, அனுபவம் உண்டு என்பது இதன் இலக்கணம். மற்ற வினாக்களைப் போல் இதனைப் பரிகசித்துவிட்டு அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. அனுபவமின்றி வேலை கிடையாது, கையில் பொருளின்றி அனுபவம் கிடையாது என்னும் ஏற்பாட்டினால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பறவையை எண்ணும் உரிமை பெறுகின்றனர் என்று அத்துறையாரே இப்போது தமக்குள் வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தில் நியாயம் எப்பக்கம் என்பது எமக்குச் சிறிதும் ஐயமில்லை.

விடைகளின் இயல்பை விளக்க ஒரு மாதிரிக் கடிதத்தைக் கற்பித்துக்கொள்வோம். தரையில் ஊரும் வண்டுகளை ஆராயப் புகும் மாணவி ஒருத்தி, பிளாஸ்டிக் கோப்பையை அதன் விளிம்பு மண்மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி புதைத்து, ஓடிவரும் வண்டு தானே விழும்படி அமைக்கும் குழிப்பொறியில் எந்தத் திரவத்தை ஊற்றுவது நலம் என்று கேட்கிறாள். கேள்வி ஒற்றை வரி. ஒரு சொல்லில் விடையிறுத்து முடிக்கலாம் என்று தோன்றும்.

முதலில் வருவது சுட்டு விடை: இதற்கென்றே ஒரு கட்டுரை உளது, இணைத்துள்ளேன், இணைப்பைக் காணோம். அடுத்து ஏவல்: கேட்குமுன் நூலகம் சென்று படித்தல் நன்று. மறை விடை தருபவர் கண்டிப்பானவர். குழிப்பொறியே கூடாது, அதில் விழுவது வண்டுகளின் தொகையைக் காட்டாது, அவை எவ்வளவு நடமாடுகின்றன என்பதைத்தான் காட்டும் என்பார், அது உண்மையுங்கூட. உற்றது உரைத்தல், அனுபவசாலிகளின் பங்கு. மோட்டார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைகாலை ஊற்றிவைத்தேன். அது இனிப்பாக இருப்பதால் யார் வீட்டு நாயோ வந்து குடித்துவிட்டது. அன்றுமுதல் விலை கூடினாலும் நஞ்சு குறைந்த புரொப்பிலீன் கிளைகாலே என்பார் ஒருவர். ஃபார்மலின் ஊற்றியவர், அதன் வாடைக்குச் சில வண்டுகள் விரும்பி வந்தமையால் கணக்கே பிழைத்தது என்பார். உறுவது கூறல், வருவதுரைக்கும் அமைச்சரின் வேலை: நீ எதை ஊற்றினும் காட்டுப்பன்றி தோண்டும், மழை நிரப்பும், மேலே கூரை வைக்காவிடில் இலை விழும். இனமொழி கூறுபவர் வௌவால் ஆராய்ச்சியாளர். வண்டைப்பற்றி அறியேன், ஆனால் வௌவாலுக்கு வலை கட்டுகையில் என்று தொடங்கி அவர் எழுதுவதே யாவற்றினும் நீண்ட கடிதமாக இருக்கும்.

எஞ்சிய இரண்டில், நேர் விடை அருகிவிட்ட இனம். வினா எதிர் வினாதலோ களைபோல் எங்கும் மண்டுவது. உன் கருதுகோள் யாது? பொறிகள் எத்தனை? அவை ஒரே காட்டில் உள்ளனவா, வெவ்வேறு காடுகளிலா? இவ்வினாக்களின் பின்னணியில் ஒரு சரித்திரம் உண்டு. 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்னும் அமெரிக்கர், வெளிவந்த 176 ஆய்வுகளைப் பரிசோதித்து, அவற்றுள் 27 விழுக்காட்டில், உண்மையில் ஒன்றேயான சோதனையைப் பலவென எண்ணிப் புள்ளியியற் கணக்கிடும் பிழை மலிந்திருக்கக் கண்டு எழுதினார். ஒரு காட்டில் ஐம்பது பொறி வைத்தாலும் அது ஒரு காடுதான், ஐம்பது காடாகாது என்பதே அதன் சாரம். அன்றுதொட்டு அத்துறையில் எவர் எதைக் கேட்பினும், எத்தனை காடு என்ற எதிர்வினா தப்பாமல் வந்து சேர்கிறது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ஒரே வாழ்வுமுறையுடைய ஈரினங்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழா, ஒன்று மற்றதை ஒழிக்கும் என்று ருஷ்யரான காவ்ஸ் கண்ணாடிக் குழாயில் நுண்ணுயிர்களை வளர்த்து 1934-இல் நிறுவினாரே; ஒரே கருத்தைக் கூறும் பதினொரு விடைகள் ஒரு கேள்வியின்கீழ் எவ்வாறு பகையின்றி வாழ்கின்றன? அற்றன்று. காவ்ஸின் ஜீவராசிகள் உணவுக்குப் போட்டியிட்டன. விடையெழுதுவோர் வேண்டுவது உணவன்று, தாமும் சொன்னோம் என்ற திருப்தி. அது எத்துணைப் பேர் உண்டாலும் குறைவதில்லை. வந்த கடிதங்கள் யாவற்றையும் படித்துத் தெளிந்த மாணவி, மறுநாட்காலை களத்துக்குச் செல்லும் வழியிலிருந்த கடையில், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு புட்டி வாங்கி, தண்ணீரில் இரண்டு துளி விட்டு ஊற்றினாள். அந்தச் சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குலைப்பதால் விழுந்த வண்டு மிதந்து தப்பாமல் மூழ்கியது. கடை வேறு இல்லை.

பவணந்தியார் வகுக்காத ஒன்பதாம் விடை ஒன்றும் உண்டு. இவ்வாராய்ச்சியின் புதுமை என நாம் கோருவது இதுவே. எவரும் தம்மைக் கேளாதிருக்கத் தாமே முன்வந்து கூறும் விடை அது. கேட்ட கேள்விகளுக்கு வந்தவற்றைக் காட்டிலும் சாஸ்திரத்தை இதுவே பன்மடங்கு போஷித்து வந்திருக்கிறது. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் செருப்புத் தொழில் நடத்திய வால்டர் டிராபிரிட்ஜ் கிரிக் என்பவர் 1882 பிப்ரவரியில் ஒரு நீர்வண்டைக் கண்டார். அதன் காலை ஒரு சின்னஞ்சிறு சிப்பி கவ்விக்கொண்டிருந்தது. நடக்கவோ பறக்கவோ இயலாத சிப்பி குளத்துக்குக் குளம் எவ்வாறு குடியேறுகிறது என்பது டார்வினை நெடுங்காலம் அலைக்கழித்த பிரச்சினையென்று அறிந்த கிரிக், அவருக்கு எழுதினார். பிறகு வண்டையும் சிப்பியையும் அஞ்சலில் அனுப்பியும் வைத்தார். வண்டு குற்றுயிராய் வந்து சேர்ந்தது. அது துன்பமின்றி விரைவில் இறக்கட்டும் என்று நறுக்கிய லாரல் இலைகளோடு ஒரு புட்டியில் இட்டார் கிழவர். ஏப்ரல் 6-ஆம் நாள் நேச்சர் சஞ்சிகையில் இச்செய்தியை எழுதிய டார்வின், அம்மாதம் 19-ஆம் நாள் காலமானார். அந்தச் செருப்புத் தொழிலதிபரின் பேரன் பிரான்சிஸ் கிரிக் பின்னாளில் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டவருள் ஒருவரானார் என்பது இக்கட்டுரைக்குப் புறம்பானது, ஆயினும் விடுவதற்கு மனம் வரவில்லை.

கேளாத விடையில் பார்சலும் அடங்கும். மண்ணுருண்டை ஒட்டிய கௌதாரிக் கால் ஒன்றைப் பேராசிரியர் ஆல்பிரட் நியூட்டன் டார்வினுக்கு அனுப்பினார். மூன்றாண்டு காய்ந்து கிடந்த அம்மண்ணை உடைத்து நீர் தெளித்து மூடிவைத்தபோது 82 செடிகள் முளைத்தன. அந்தப் பார்சலைப் பிரித்தபோது டார்வினின் வீட்டார் கூறியது எந்தப் பதிப்பிலும் இல்லை.

பிறப்பும் வகையும் கூறினோம். மரணம் கூறாத ஜீவசரித்திரம் முழுமையாகாது. காட்டில் உதிர்ந்த இலையைக் கறையானும் காளானும் தின்று மண்ணாக்குதல்போல், கடிதங்களின் உலகில் அப்பணியைச் செய்வோர் பழைய காகித வியாபாரிகள். சிம்லாவில் வாழ்ந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இந்தியா முழுவதிலும் இருந்த பறவை அன்பர்களுக்கு ஓயாது கடிதம் எழுதி, அவர்கள் தந்த செய்திகளை வெளியிடுவதற்கென்றே 1870-களில் சஞ்சிகையொன்று நடத்தியவர். இந்தியப் பறவைகள் யாவற்றையும் அடக்கிய மாபெரும் நூலொன்று எழுதப் பல்லாண்டு குறிப்புச் சேர்த்தவர். அவர் ஊரில் இல்லாத சமயம், வேலையாள் ஒருவன் அக்கையெழுத்துப் பிரதிகளை சிம்லாக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டான். மனமொடிந்த ஹியூம், தாம் சேர்த்த பறவைத் தோல்களையும் முட்டைகளையும் 1885-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தாரை வார்த்தார். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு இந்திய தேசிய காங்கிரஸ் முதன்முறை கூடியது. அதைக் கூட்டுவித்தவரும் இவரே. பறவைகளின்பால் மனம் கசந்ததனாலன்றோ தேசத்தின்பால் அது திரும்பிற்று என்றும், ஆகவே பாரத சுதந்திரத்தின் ஆதிகாரணர்களுள் அந்தக் காகித வியாபாரிக்கும் ஒரு ஸ்தானம் உண்டு என்றும் முடிவு கட்ட எமக்குப் பேராசைதான். ஆயின் ஹர்ல்பர்ட் குறுக்கே நிற்கிறார். இது ஒற்றை நிகழ்ச்சி. ஹியூம் இன்னும் சில முறையேனும் குறிப்புகளை இழந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தேசத்தில் ஒரு காங்கிரஸைக் கூட்டியிருந்தாலன்றிப் புள்ளியியல் இதனை அனுமதியாது.