76 மீட்டருக்குக் கீழே மலை கிடையாது

பினாங்கில் எது மலை என்று தெரிந்துகொள்ள மலையைப் பார்க்கக் கூடாது, கோப்பைப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் இருந்தால் மலைநிலம். பழைய கணக்கில் 250 அடி. சரிவு 25 பாகையைத் தாண்டினாலும் கட்டக் கூடாது. 75 மீட்டரில் நிற்கும் மண்ணுக்கு அந்த மரியாதை கிடையாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படியேறும் பாட்டியைக் கேட்டால், மூச்சு வாங்கும் இடமெல்லாம் மலைதான் என்பார். பாட்டி திட்டமிடல் துறையில் வேலை பார்க்கவில்லை. அவர் சொல் எடுபடாது.

2017 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை. தீபாவளி முடிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. தஞ்சோங் பூங்ஙாவில், லெங்கோக் லெம்பா பெர்மாயில், 49 மாடிக் குடியிருப்பு இரண்டு எழுந்துகொண்டிருந்த இடத்தில் சரிவு இடிந்து விழுந்தது. 11 தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். ஒருவர் மலேசியர். மற்றவர்கள் வங்காளதேசம், இந்தோனேசியா என்று பிழைப்புத் தேடி வந்தவர்கள். அந்த வட்டாரத்து மக்கள் மலையடிவாரக் கட்டுமானம் வேண்டாம் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். விபத்துக்குப் பிறகு அதிகாரத் தரப்பிலிருந்து வந்த விளக்கம்: அது மலைநிலமே அல்ல. 76 மீட்டருக்குக் கீழே இருக்கிறதாம். இந்த விவரத்தை மண்ணுக்கு யாரும் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை.

அதன் பிறகு வழக்கமான கூத்து. சுற்றுச்சூழல் துறை ஆட்சேபித்ததா இல்லையா என்று கூட்டரசும் மாநிலமும் மோதிக்கொண்டன. மாநில அரசு ஒரு விசாரணை ஆணையம் வைத்தது. இயற்கைப் பேரிடர் என்று சொல்லித் தப்பிக்க அந்த ஆணையம் இடம் தரவில்லை. மனிதர் வெட்டிய சரிவு, தவிர்த்திருக்கக்கூடிய சாவு என்பதே அதன் முடிவு. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இத்ரீஸ் மலையில் கை வைக்காதீர்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதைத்தான். அப்போதெல்லாம் அவருக்கு வளர்ச்சியின் எதிரி என்று பெயர்.

சட்டமே இல்லையா என்று கேட்காதீர்கள். தாராளமாக இருக்கிறது. 1974இல் நாடாளுமன்றம் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் 1984இல் ஒருசீர்க் கட்டடத் துணைச் சட்டங்கள் வந்தன. தீபகற்பத்தில் ஒவ்வொரு மாநிலமும் அவற்றைத் தன் அரசிதழில் ஏற்ற வேண்டும். திருத்தம் வந்தாலும் அதே கதை. அரசிதழில் ஏறிய பிறகு அமல்படுத்துவது ஊராட்சி மன்றத்தின் வேலை. நாடாளுமன்றம், அமைச்சு, மாநிலம், மன்றம் என்று நான்கு படி. அனுமதி இறங்கி வரும்போது நான்கு படியிலும் சிரித்த முகம். விபத்து ஏறிப் போகும்போது நான்கு படியிலும் ஆள் இல்லை.

வசிக்கும் அறையின் கூரை 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது அந்தத் துணைச் சட்டம். வெளிச்சம் வரும் சன்னல் தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிகள், குறை சொல்ல மாட்டேன். அந்தச் சன்னலுக்கு வெளியே மலையை எவ்வளவு செங்குத்தாக வெட்டலாம் என்ற கேள்விக்கு வரும்போது மட்டும் சட்டத்தின் குரல் கம்மிவிடுகிறது. அங்கே கிடைப்பது கட்டமைப்புத் திட்டத்தில் ஒரு கொள்கை, 2012இல் ஒரு பாதுகாப்பு வழிகாட்டி, இவற்றோடு 'சிறப்புத் திட்டம்' என்று ஒரு பின்வாசல். கட்டக் கூடாது என்ற இடத்தில் கட்ட வேண்டுமானால் உங்கள் திட்டம் சிறப்பாக இருக்க வேண்டும். எத்தனை கோடிக்கு மேல் போனால் சிறப்பு என்று எந்த வழிகாட்டியிலும் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் புரிகிறது.

சட்டம் பினாங்கில் கண்டிப்பாக இருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் லிட்டில் இந்தியாவுக்கு வாருங்கள். 2008 ஜூலை 7 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பகுதி. புதிய கட்டடம் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது. கூரை ஓட்டுக்கும் விளம்பரப் பலகைக்கும் விதி உண்டு. மசாலை அரைத்து விற்கும் அண்ணாச்சி ஒருவர், மழைச்சாரல் மூட்டையை நனைக்கிறதே என்று அஞ்சடி நடைபாதைக்கு மேல் தகரத்தை இரண்டடி நீட்டிவிட்டார் என்று வையுங்கள். அமலாக்க அதிகாரி வருவார். அளவுநாடாவை இழுப்பார். மறுமுனையைக் கடைப்பையன் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும் படம் எடுப்பார். அறிவிப்புக் கடிதம் சுவரில் ஒட்டப்படும். "பிரித்துவிடுகிறேன் சார், ஒரு வாரம் குடுங்க" என்று அண்ணாச்சி கெஞ்சுவார். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்பார் அதிகாரி. அந்த நாடாவின் நீளமே இரண்டடிதான் போலிருக்கிறது. மலைவெட்டு வரை அது எட்டுவதில்லை.

தஞ்சோங் பூங்ஙா துயரத்துக்கு ஓராண்டு நிறைய இரண்டு நாள் இருந்தது. 2018 அக்டோபர் 19, பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் மண் சரிந்தது. 9 அந்நியத் தொழிலாளர்கள் மாண்டார்கள். எட்டு நாளுக்கு முன்னால், அக்டோபர் 11 அன்று, அதே திட்டத்தில் கான்கிரீட் உத்தரங்கள் சரிந்து விழுந்திருந்தன. அப்போது யாரும் சாகவில்லை. சாகாத விபத்துக்கு நம் ஊரில் எச்சரிக்கை என்று பெயர் வைப்பதில்லை, அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கிறோம். இந்தத் திட்டத்தின் சொந்தக்காரர் யார்? பினாங்கு தீவு மாநகர் மன்றம். அண்ணாச்சியின் தகரத்தை அளந்த அதே மன்றம். இம்முறை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கப் பையன் யாரும் கிடைக்கவில்லை.

இவ்வளவு நடந்தும் ஒரு மன்றம் நிம்மதியாகத் தூங்குவது எப்படி என்று கேட்பவர்கள் 1974 சட்டத்தின் 95(2)ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். கட்டடத்தையோ வரைபடத்தையோ ஆய்வு செய்ததற்காகவும் அனுமதித்ததற்காகவும் ஊராட்சி மன்றத்தின் மீதோ அதன் அதிகாரி மீதோ வழக்குத் தொடுக்க முடியாது. அதோடு, விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கட்டடத்தையோ இடத்தையோ போய்ப் பார்ப்பதும் மன்றத்துக்குக் கட்டாயமில்லை. பார்க்காமலும் இருக்கலாம், பார்த்துவிட்டுக் கையெழுத்தும் போடலாம். இரண்டுக்கும் பொறுப்பில்லை.

இதை நாம் கற்றுக்கொண்டது உலு கிளாங்கில். 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியும் வீடிழந்தவர்கள் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் 95(2)ஐ விரித்துப் பிடித்து, நகராண்மைக் கழகம் பொறுப்பல்ல என்று முடித்துவிட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு வசதி வந்தது. 2007 ஏப்ரலிலிருந்து, கட்டடம் குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழை மன்றம் தருவதில்லை. மேம்பாட்டாளரிடம் சம்பளம் வாங்கும் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திடுகிறார்.

சரி, மன்றத்தையாவது மாற்றலாமா? ஜார்ஜ்டவுன் 1957இல் மாநகரானபோது அதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது. அந்தக் கால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர். அவர் பெயரில் இன்று ஒரு சாலை இருக்கிறது, தேர்தல்தான் இல்லை. 1965இல் உள்ளூர்த் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2012இல் பினாங்கு சட்டமன்றம் அதை மீட்கச் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கும் கதவைச் சாத்தியது. ஆக, வழக்குப் போட முடியாத மன்றத்தை வாக்குப் போட்டும் இறக்க முடியாது.

இரண்டு அக்டோபரில் 20 பேர். அவர்களின் சாவுக்கு நஷ்டஈட்டுக் கணக்கும் இரங்கல் அறிக்கையும் போதாது. 95(2)ஐ நீக்குங்கள். மலைவெட்டு விதிகளை வழிகாட்டியில் வைக்காமல் துணைச் சட்டத்தில் ஏற்றுங்கள். சிறப்புத் திட்டங்களின் கோப்புகளை மக்கள் பார்வைக்கு வையுங்கள். இதற்கெல்லாம் மனம் வரவில்லையென்றால் ஒரு சின்ன உபகாரம் செய்யுங்கள். ஒவ்வொரு வேலைத்தளத்திலும் மேம்பாட்டாளர் பெயரும் பொறியாளர் பெயரும் எழுதிய பலகை நிற்கிறதே, அதன் அடியில் வங்காளத்திலும் இந்தோனேசிய மொழியிலும் பர்மிய மொழியிலும் கொட்டை எழுத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: 'இங்கே நீ செத்தால் மன்றம் பொறுப்பல்ல.' குழிக்குள் இறங்குகிறவன் உங்கள் சட்டத்தைப் படித்துவிட்டாவது இறங்கட்டும்.