ஒரே பந்தல், மூன்று மேசை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அலுவலகமும் அலுவலகமும் பேசிக்கொள்ளாதது அந்தப் பட்டியலில் இல்லை.

சிறப்புக் குழந்தைகளுக்கான மருத்துவ முகாமுக்குப் போய்ப் பாருங்கள். கல்வித் துறை, சுகாதாரத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை எல்லாம் ஒரே பந்தலில்தான். ஆனால் மேசைக்கு மேசை ஒரு ஆதார் நகல், ஒரு போட்டோ, "பையனுக்கு என்னம்மா?" என்று ஒரு கேள்வி. பக்கத்து மேசைக்குச் சொன்ன பதில் இந்த மேசைக்குக் கேட்காது. அது வேறு துறை. (ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மட்டும் எல்லாத் துறையும் ஒன்று.)

குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று டாக்டர் எழுதினால்தான் பல சலுகைகள். நரம்பியல் டாக்டரோ இன்று வரவில்லை.

துறைகளை உண்மையில் ஒருங்கிணைப்பது அம்மாவின் மஞ்சப்பைதான். அவருக்கு அன்றைக்குக் கூலி போச்சு.