டயரை உதைத்தோம், மேசையை உதைத்தோமா?

மினி டிராக்டர் வாங்கப் போகிறவரோடு ஷோரூமுக்குக் கிளம்பும் கூட்டம், பெண் பார்க்கப் போகும் கூட்டத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. மச்சான் உண்டு, மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் உண்டு, ஒரு காலத்தில் லாரி ஓட்டிய பெரியப்பா உண்டு, சிவப்பு நம் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்வதற்கென்றே ஒருவர் உண்டு. இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார்கள், டயரை உதைப்பார்கள், பானெட்டைத் தட்டித் தகரத்தின் கனம் பார்ப்பார்கள். இந்த ஆராய்ச்சி மூன்று வாரம் நடக்கும். பிறகு, ஷோரூம் மூலையில் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ் தம்பி, "ஆறு மாசத்துக்கு ஒருக்கா அறுபதாயிரம்தாண்ணே, வெள்ளாமை வந்ததும் கட்டிரலாம்" என்பார். வந்த கூட்டத்தில் ஒருவர்கூட அந்த மேசையை உதைத்துப் பார்ப்பதில்லை. டீ ஆறுவதற்குள் கையெழுத்து முடிந்துவிடுகிறது. என் கட்சி இதுதான்: அந்த மூன்று வார ஆராய்ச்சி மேசையில் நடக்க வேண்டும், வாசலில் நிற்கும் வண்டிக்கு ஒரு சாயங்காலம் போதும்.

வண்டிகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாம் கட்சி கட்டிச் சண்டை போடும் வித்தியாசம் பெரும்பாலும் பெயிண்டில் இருக்கிறது என்கிறேன். டீக்கடையில் மஹிந்திரா கட்சிக்காரரும் ஸ்வராஜ் கட்சிக்காரரும் பெஞ்சு மாறி உட்கார்ந்துகொண்டு முறைக்கிறார்கள். ஸ்வராஜ் செய்த பஞ்சாப் டிராக்டர்ஸை மஹிந்திரா 2007-லேயே வாங்கிவிட்டது. இருவர் பணமும் போய் விழுவது ஒரே கல்லாவில். மாஸி பெர்குசன் சரிவராது என்று கோபித்துக்கொண்டு ஐஷர் பக்கம் போகிறவருக்கும் இதே கதைதான். ஐஷர் டிராக்டர், மாஸி பெர்குசன் செய்யும் சென்னை டாபே வீட்டுக்கு 2005-லேயே வந்து சேர்ந்த மருமகள். பார்ம்டிராக்கா குபோட்டாவா என்று தூக்கம் கெட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பார்ம்டிராக் செய்யும் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 2022-இல் ஜப்பானியக் குபோட்டாவின் கைக்குப் போய், எஸ்கார்ட்ஸ் குபோட்டா என்று பெயரும் மாற்றிக்கொண்டாயிற்று. அண்ணன் தம்பிகள் ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வெளியே நாம் அவர்களுக்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பெயரை நம்பி டிராக்டர் வாங்குவது உலகப் பொதுவான வியாதி. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயி வில்மாட் குரோசியர், போர்டு என்ற பெயரைப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கினார். அதைச் செய்த மினியாபொலிஸ் கம்பெனிக்கும் கார் செய்த ஹென்றி போர்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. போர்டு என்ற பெயருள்ள ஓர் ஆளைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெயரை வண்டியில் எழுதியிருந்தார்கள். வண்டி காலை வாரியது. நாமாக இருந்தால் திருஷ்டி கழித்துவிட்டு விதியை நொந்திருப்போம். குரோசியர் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய், சோதனைக்கு உட்படாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919-இல் சட்டம் வரக் காரணமாகிவிட்டார். நமக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம், டிராக்டரை ஓட்டி, இழுக்கவிட்டு, தூக்கச் சொல்லி அறிக்கை எழுதுகிறது. விளம்பரத்தில் 24 ஹெச்.பி. என்று துள்ளும் வண்டியின் குதிரைகளில் சில, கியர் பெட்டியைத் தாண்டிப் பின்னால் பி.டி.ஓ. தண்டுக்கு வருவதற்குள் எங்கோ புல் மேயப் போயிருக்கும். ரொட்டவேட்டர் சுற்றுவது மிச்சமிருக்கும் குதிரைகளால்தான். அந்த மிச்சம் எத்தனை, மணிக்கு எவ்வளவு டீசல், ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும் என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும். இவற்றோடு, வண்டியின் அகலத்தை நம் மஞ்சள் பாரின், வாழை வரிசையின் இடைவெளியோடு ஒட்டிப் பார்க்க ஒரு டேப் போதும். நான் சொன்ன அந்த ஒரு சாயங்காலம் இவ்வளவுதான்.

"அப்படியென்றால் சர்வீஸ்? மறுவிலை?" என்று பெரியப்பா குரலை உயர்த்துவது கேட்கிறது. நியாயமான குரல். ஆனால் சர்வீஸ் என்பது பிராண்டின் குணமல்ல, டீலரின் குணம். உலகப் புகழ் பெற்ற கம்பெனியின் ஆயில் பில்டர் உள்ளூர்க் கடையில் இல்லையென்றால், நடவு நேரத்தில் அந்த உலகப் புகழைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்ற முடியாது. மறுவிலையும் அப்படியே, இருபது மைல் சுற்றளவில் எந்த வண்டி அதிகம் ஓடுகிறதோ அதற்குத்தான் விலை. ஆக, பக்கத்து ஊரில் மெக்கானிக்கும் பாகங்களும் உள்ள இரண்டு மூன்று வண்டிகளில் எதை எடுத்தாலும் பெரிய பாவமில்லை.

பாவமெல்லாம் மேசையில் இருக்கிறது. கடன் நாலு லட்சம், ஐந்து வருஷம், வட்டி "வெறும் பத்து பர்சென்ட்" என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்து இரண்டு வேஷம் போடும். குறையும் வட்டியென்றால், கட்டக் கட்ட அசல் இறங்கும், மிச்சமுள்ள அசலுக்குத்தான் வட்டி. ஆறு மாதத்துக்கு ஒரு தவணை வீதம் பத்துத் தவணை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 51,800 ரூபாய். பிளாட் வட்டியென்றால், முதல் நாள் வாங்கிய நாலு லட்சத்துக்கே கடைசி நாள் வரைக்கும் வட்டி ஓடும்: வருஷத்துக்கு 40,000, ஐந்து வருஷத்துக்கு 2 லட்சம், தவணை 60,000. அசலில் முக்கால்வாசி அடைந்த பிறகும் வட்டி மட்டும் கல்யாணமான நாள் போலவே இளமையாக இருக்கும். குறையும் கணக்கில் சொன்னால் அந்தப் பத்து உண்மையில் பதினாறுக்கு மேல். வித்தியாசம் 82,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் ஊரெல்லாம் மகிழ்ந்தோம். வரிக்கு முன் ஐந்து லட்சம் விலையுள்ள வண்டியில் அதனால் மிச்சம் 35,000. அரசாங்கம் பாக்கெட்டில் போட்டதைப் போல இரண்டு பங்குக்கு மேல், டீ குடிக்கிற நேரத்தில் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, இனாமாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வருகிறோம். கொட்டேஷன் தாளின் அடியில் பென்சிலில் எழுதிய ஆவணச் செலவு, பரிசீலனைக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சத்தமில்லாமல் அசலோடு சேர்ந்துவிட்டால், அவற்றுக்கும் இதே வட்டிதான்.

"பேங்க்காரன் சிட்டா, அடங்கல், வில்லங்கம் எல்லாம் கேட்டுவிட்டு வியாழக்கிழமை வா என்பான், எந்த வியாழக்கிழமை என்று சொல்லமாட்டான்" என்பது அடுத்த ஆட்சேபணை. உண்மைதான். விவசாயக் கடனில் அடமானம் இல்லாமல் தரும் வரம்பே 2025 ஜனவரி முதல்தான் 2 லட்சமாக ஏறியது. அதற்கு மேல் போனால் நிலப் பத்திரத்தைக் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ஆடிப்பட்டம் எப்போது வரும் என்பது ராணுவ ரகசியமா? சித்திரையில் மனுப் போட்டால் எத்தனையோ வியாழக்கிழமைகளைத் தாங்கலாம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறவர்களுக்குத் தனியார் பைனான்ஸ்தான் கதி என்பதை மறுக்க முடியாது. அவர்களும் பிளாட்டா குறைவதா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று இரண்டு கேள்வியை எழுத்தில் கேட்கலாம். கேட்டதும் தம்பியின் கால்குலேட்டர் புது விடை காட்டுவது உண்டு.

எல்லாவற்றுக்கும் முந்தின கேள்வி, வாங்கத்தான் வேண்டுமா என்பது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கரைக்கூடத் தொடவில்லை. சொந்த நிலத்தில் வருஷத்துக்கு அறுபது மணி நேரம் ஓட்டினால், 1,20,000 ரூபாய் தவணையில் மணிக்கு 2,000 விழுகிறது, டீசல் தனி. வேளாண் பொறியியல் துறை வாடகைக்கே டிராக்டர் விடுகிறது. மழை எல்லோர் நிலத்திலும் ஒரே நாளில் பெய்கிறது, வாடகை வண்டி ஒவ்வொருவராகத்தான் வரும் என்பார்கள். வாங்குவதற்கு இருக்கும் ஒரே கெட்டிக் காரணமும் அதுதான். ஆனால் அந்தக் காரணத்துக்காக வாங்கியவர், தவணைக்காக ஊரார் நிலத்தையெல்லாம் உழுதுவிட்டு, தன் நிலத்துக்கு வரும்போது ஈரம் காய்ந்திருக்கும்.

எப்படியோ வண்டி வீட்டுக்கு வருகிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, பானெட்டில் சந்தனம், மட்கார்டில் பிள்ளைகளின் பெயர் வளைவு எழுத்தில். ஆர்.சி.யில் மட்டும் கடன் கொடுத்தவர் பெயர். கடைசித் தவணை கட்டிய கையோடு தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 35 கொடுத்தால்தான் அது நீங்கும். பலருக்கு இது வண்டியை விற்கப் போகும் அன்றைக்குத்தான் ஞாபகம் வருகிறது. அதுவரைக்கும், யார் படிப்புச் செலவுக்கு இந்த வண்டி உழைக்கிறது என்று பார்த்தால், மட்கார்டில் எழுத வேண்டியது பைனான்ஸ்காரரின் பிள்ளைகள் பெயரைத்தான்.